தொற்றுக் காலத்துக்கென்று மாத்திரை வாங்கி வைக்கலாமா?

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் வசிக்கிறோம். என் கணவர் மிளகு, காப்பி வியாபாரம் செய்கிறார். 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது, தெரிந்தவர் ஒருவர் சேலத்திலிருந்து மாத்திரைகளை வாங்கி, ஆளுக்கு ஓர் உறையாகப் போட்டு ஊரில் பலருக்கும் கொடுத்தார். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டோம், தேறிவிட்டோம். சர்க்கரை நோயாளியான என் பெரியப்பாவும் முதல் நாளிலிருந்தே அவற்றைச் சாப்பிட்டார். அவரை மட்டும் ஆறாம் நாள் மூச்சுத் திணறலோடு சேலத்துக்குக் கொண்டுபோனோம்; பிழைக்கவில்லை. இப்போது ஏதோ புதிய காய்ச்சல் பரவப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும், கணவர் அதே மாத்திரைகளை வாங்கி வைத்துவிட்டார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கும், சர்க்கரைக்கும் மருந்து சாப்பிடும் 68 வயதான மாமனாருக்கு முன்கூட்டியே கொடுத்துவிடலாம் என்கிறார். “மருந்தே இல்லாத நோய்க்கு எதையாவது கொடுத்துப் பார்ப்பதில் என்ன தவறு? அன்று அரசாங்கமே இதைத்தானே சொன்னது?” என்று அவர் கேட்கும்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உறையில் ஹைட்ராக்சிகுளோரோகுயின், ஐவர்மெக்டின், அசித்ரோமைசின், டெக்ஸாமெத்தசோன், துத்தநாக மாத்திரை ஆகியவை இருக்கின்றன. என்ன செய்வது?
— ஒரு வாசகி, ஏற்காடு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உடனடியாகச் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாமனாருக்கு அந்த உறையிலிருந்து ஒரு மாத்திரைகூடக் கொடுக்க வேண்டாம். அவருடைய இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கும் மருந்துகளை, காய்ச்சல் பற்றிய எந்தப் பேச்சுக்காகவும் ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம். ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையைத் திடீரென்று விட்டுவிட்டால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே அடைப்பு ஏற்படலாம். தொற்றுக்குப் பயந்து புதிய மருந்துகளைத் தேடும் வீடுகளில் பழைய மருந்துகள் கவனத்திலிருந்து நழுவிவிடுவதை நான் கண்டிருப்பதால் இதை முன்னால் வைக்கிறேன்.

இனி உறைக்குள் இருப்பதைப் பார்ப்போம். ஹைட்ராக்சிகுளோரோகுயின் மலேரியாவுக்கான பழைய மருந்து. உடலின் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் லூபஸ், முடக்குவாதம் போன்ற நோய்களில் இன்றும் பெரிதும் பயன்படுவது. உரிய நோய்க்கு, உரிய அளவில், கண்காணிப்போடு கொடுக்கும்போது அது நல்ல மருந்து. ஆனால் இதயம் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அடுத்த துடிப்புக்குத் தன்னைத் தயார் செய்துகொள்ள எடுத்துக்கொள்ளும் மின் இடைவெளியை அது நீட்டுகிறது. அசித்ரோமைசினும் அதே வேலையைச் செய்யக்கூடியது. அந்த இடைவெளி அளவுக்கு மீறி நீண்டால் துடிப்பின் ஒழுங்கு குலைந்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மயக்கமோ மரணமோ நேரலாம். வயது கூடியவர்களுக்கும், ஏற்கெனவே இதயம் பழுதுபட்டவர்களுக்கும், நீர் பிரியும் மாத்திரையாலோ வாந்தி பேதியாலோ உடலில் பொட்டாசியம் குறைந்தவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். உங்கள் மாமனார் முதல் இரண்டு வகையிலும் வருகிறார்; காய்ச்சலில் நாலு முறை வாந்தி எடுத்தால் மூன்றாவதிலும் வந்துவிடுவார். இசிஜி எடுத்துப் பார்க்காமல் இந்த இரண்டையும் சேர்த்து அவருக்குக் கொடுப்பதை எந்த இதய மருத்துவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அந்த உறையில் எனக்கு மிகுந்த கவலை தருவது டெக்ஸாமெத்தசோன்தான். மற்றவை கொரோனாவில் பயனற்றுப் போனவை. இதுவோ உண்மையாகவே உயிர் காத்தது, அதனாலேயே மக்கள் இதை எளிதில் நம்பிவிடுகிறார்கள். பிரிட்டனில் ‘ரெகவரி’ என்ற பெயரில் நடந்த பெரிய ஆய்வு, 2020 ஜூனில் இதன் முடிவை அறிவித்தது. வென்டிலேட்டரில் இருந்த நோயாளிகளில், இந்த மருந்தைப் பெறாதவர்களில் 100க்கு 41 பேர் 28 நாட்களுக்குள் இறந்தார்கள். பெற்றவர்களில் 29 பேர் இறந்தார்கள். ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களிடமும் ஓரளவு பயன் தெரிந்தது. ஆனால் ஆக்சிஜனே தேவைப்படாத நிலையில் இருந்தவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை. அவர்களில் மருந்தைப் பெற்றவர்களின் இறப்பு 17.8 சதவீதம், பெறாதவர்களின் இறப்பு 14 சதவீதம். இந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். எனினும் நன்மை இல்லை, தீமை இருக்கக்கூடும் என்பதே அதிலிருந்து கொள்ள வேண்டிய பாடமாக இருந்தது.

ஒரே மாத்திரை ஒருவரைக் காப்பாற்றுவதும் இன்னொருவருக்குக் கேடு செய்வதும் எப்படி என்று உங்கள் கணவர் கேட்கலாம். கொரோனாவின் முதல் சில நாட்களில் கிருமி பெருகிக்கொண்டிருக்கிறது. அப்போது உடலுக்கு அதன் எதிர்ப்பு சக்தி முழுவதும் வேண்டும். நோய் முற்றியவர்களிடம், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குப் பிறகு, அதே எதிர்ப்பு சக்தி கட்டுமீறி நுரையீரலையே தாக்கத் தொடங்குகிறது. டெக்ஸாமெத்தசோன் ஸ்டெராய்டு வகை மருந்து; அந்தத் தாக்குதலை அடக்குவது. இரண்டாம் நாளில் கொடுத்தால், களத்தில் நிற்கும் காவலை நாமே விலக்கிவிடுகிறோம். அதோடு அது ரத்தத்தில் சர்க்கரையைக் கடுமையாக ஏற்றும். 2021 கோடையில் இந்தியா முழுவதும் 40,000க்கும் மேற்பட்டவர்களைப் பாதித்த கருப்புப் பூஞ்சை நோய், பெரும்பாலும் கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் தேவையற்ற அல்லது அளவு மீறிய ஸ்டெராய்டும் சேர்ந்த இடத்திலேயே வேரூன்றியது. அந்த மே மாதத்தில் தமிழ்நாடு அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது. கண்ணையும் மேல்தாடையையும் இழந்து பிழைத்தவர்கள் நம் மாவட்டங்களில் இன்றும் இருக்கிறார்கள்.

உங்கள் பெரியப்பாவின் மரணத்துக்கு அந்த உறைதான் காரணமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனால் கடிதத்தின் வரிகளுக்குள் அந்தக் கேள்வி இருக்கிறது. மருத்துவமனைக் குறிப்புகளைப் பார்க்காமல் எந்த மருத்துவரும் அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லக் கூடாது. இரண்டாம் அலையின் டெல்டா வகைக் கிருமி, எல்லாம் சரியாகச் செய்யப்பட்டவர்களையும் கொண்டுபோயிற்று. நீங்கள் அன்று கிடைத்ததை நம்பிக் கொடுத்தீர்கள். அந்தப் பாரத்தை உங்கள் மேல் ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்று மனதார வேண்டுகிறேன். அவர் கதையில் என் கண்ணில் படுவது அந்த ஆறு நாள். மாத்திரை சாப்பிடுகிறோம், குணமாகிவிடும் என்ற நம்பிக்கை, நாடித்துடிப்பையும் ஆக்சிஜன் அளவையும் பார்க்க வேண்டிய நாட்களை விழுங்கிவிடுகிறது. கொரோனாவில் ஆக்சிஜன் குறைவது நோயாளிக்கே தெரியாமல் நடந்ததுண்டு. நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார், அளந்து பார்த்தால் 85 இருக்கும். இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் வந்துசேர வேண்டிய மலை ஊர்களில், இப்படிக் கைநழுவும் ஒவ்வொரு நாளும் சமவெளியில் இருப்பவர்களைவிடக் கூடுதலாகவே பாதிக்கும். நிரூபிக்கப்படாத மருந்தின் தீமைகளில் முதலாவதாக நான் வைப்பது இந்தத் தாமதத்தையே. பக்கவிளைவுகள் அதற்கு அடுத்துத்தான்.

“அரசாங்கமே சொன்னதே” என்ற உங்கள் கணவரின் கேள்வி நியாயமானது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 2020 மார்ச்சில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பணிக்குழு, நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவப் பணியாளர்களுக்கும் நோயாளியின் வீட்டில் இருப்பவர்களுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயினைத் தடுப்பு மருந்தாகப் பரிந்துரைத்தது உண்மை. அதே மாதம் அமெரிக்காவும் அவசரகால அனுமதி கொடுத்தது. அன்று கையில் இருந்த ஆதாரம், ஆய்வகக் கண்ணாடிக் குடுவைகளில் கிருமி அடங்கியது என்பதும், பிரான்சில் சில பத்துப் பேரிடம் மட்டும், முறையான ஒப்பீடு இல்லாமல் நடந்த ஓர் ஆய்வும். அந்தக் கட்டுரையை வெளியிட்ட இதழே 2024 டிசம்பரில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்கு வெகுகாலம் முன்பே, 2020 ஜூன் தொடக்கத்தில், ரெகவரி ஆய்வு இந்த மருந்தையும் எடைபோட்டு முடித்திருந்தது. மருந்து பெற்ற 1,561 பேரில் 27 சதவீதத்தினரும், பெறாத 3,155 பேரில் 25 சதவீதத்தினரும் இறந்திருந்தார்கள். அதே மாதத்தில் அமெரிக்கா தன் அனுமதியை ரத்து செய்தது. 2021 செப்டம்பரில் நம் நாட்டு வழிகாட்டு நெறிமுறையிலிருந்தும் ஹைட்ராக்சிகுளோரோகுயினும் ஐவர்மெக்டினும் நீக்கப்பட்டன. இந்த நீக்கம் உங்கள் ஊர்வரை வந்து சேரவில்லை. முதல் பரிந்துரை மட்டும் வந்து, அங்கேயே தங்கிவிட்டது. இதில் பொதுமக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு மருந்தைப் பரிந்துரைக்கும்போது காட்டிய வேகத்தை, அது பயனற்றது என்று சொல்வதிலும் மருத்துவத் துறையினராகிய நாங்கள் காட்டியிருக்க வேண்டும்.

ஐவர்மெக்டினும் ஏறக்குறைய இதே வழியில் வந்ததுதான். யானைக்கால் நோய், ஆற்றுக் குருட்டு நோய் ஆகியவற்றில் உலகெங்கும் பல கோடிப் பேருக்கு உதவிய அருமையான மருந்து அது. அதைக் கண்டறிந்தவர்களுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. 2020 ஏப்ரலில் ஆஸ்திரேலிய ஆய்வகம் ஒன்றில் கொரோனா கிருமியை அது அடக்கியது. ஆனால் அங்கே பயன்படுத்திய செறிவை மனித ரத்தத்தில் எட்ட வேண்டுமானால், வழக்கமான அளவைப்போல் பல மடங்கு மருந்தை ஒருவர் விழுங்க வேண்டியிருக்கும். பெரும் பயன் காட்டியதாகப் பேசப்பட்ட எகிப்திய ஆய்வு ஒன்று, அதன் தரவுகள் குறித்து எழுந்த கடுமையான ஐயங்களால் 2021 ஜூலையில் விலக்கிக்கொள்ளப்பட்டது. பிறகு பிரேசிலில் நடந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வில், அது நோயாளிகள் மருத்துவமனைக்குப் போக நேர்வதைக் குறைக்கவில்லை.

“ஆனால் நாங்கள் எல்லோரும் சாப்பிட்டுத் தேறினோமே” என்று நீங்கள் எழுதியிருப்பதில்தான் முடிச்சு இருக்கிறது. கொரோனா வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்த மருந்தும் இல்லாமலேயே தேறினார்கள். எனவே எந்த மாத்திரையை ஊர் முழுக்கக் கொடுத்திருந்தாலும், ஊரில் பெரும்பாலோர் “அதைச் சாப்பிட்டோம், பிழைத்தோம்” என்று உண்மையாகவே சொல்லியிருப்பார்கள். மாத்திரை சாப்பிடாத, மற்ற எல்லா வகையிலும் அதே போன்ற இன்னொரு கூட்டத்தை அருகில் வைத்துப் பார்க்காதவரை, பிழைக்கவைத்தது மாத்திரையா உடலா என்று சொல்ல வழியே இல்லை. யாருக்கு எது என்பதை மருத்துவரும் நோயாளியும் தேர்ந்தெடுக்காமல், குலுக்கல் முறையில் பிரித்துவிட்டு ஒப்பிடுவது இதற்காகத்தான்.

இந்த முறை ஏதோ வெளிநாட்டாருடையது என்று எண்ண வேண்டாம். அதன் மிகச் சிறந்த உதாரணங்களுள் ஒன்று சென்னையில் நடந்தது. 1950களில் காசநோய்க்குச் சானடோரியம், அதாவது நோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைக்கும் மருத்துவமனை, இன்றியமையாதது என்பது உலகம் முழுவதும் நிலவிய நம்பிக்கை. நல்ல காற்று, முழு ஓய்வு, ஊட்டமான உணவு இல்லாமல் மருந்து மட்டும் என்ன செய்துவிடும் என்று பெரிய மருத்துவர்களே நினைத்தார்கள். சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், நெரிசலான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மறுபகுதியினருக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தது. சானடோரியத்தில் இருந்தவர்கள் கூடுதலாகச் சாப்பிட்டார்கள், கூடுதலாக ஓய்வெடுத்தார்கள். ஆயினும் வீட்டில் இருந்தவர்கள் அவர்களுக்கு இணையாகக் குணமடைந்தார்கள். 1959இல் வெளியான அந்த முடிவு, உலகம் காசநோய்க்கு மருத்துவம் செய்யும் முறையையே மாற்றியது. அன்று நிபுணர்களின் உறுதியான நம்பிக்கையைப் பின்பற்றி நின்றிருந்தால், படுக்கை கிடைக்காத லட்சக்கணக்கான ஏழைகள் மருந்தின்றி இறந்திருப்பார்கள்.

அதனால்தான், மருந்தே இல்லாத புதிய நோயில் எதையுமே முயன்று பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. முயன்று பார்க்கத்தான் வேண்டும். பயன் தெரியும் வகையில் முயன்று பார்க்க வேண்டும். பிளாஸ்மா சிகிச்சை நினைவிருக்கும். குணமானவரின் ரத்தத்திலிருந்து எடுத்துத் தருவதற்கு ஆள் தேடி எத்தனை குடும்பங்கள் இரவெல்லாம் தொலைபேசியில் மன்றாடின. நம் நாட்டில் 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் அதை முறையாகச் சோதித்து, நோய் முற்றுவதையோ இறப்பையோ அது தடுக்கவில்லை என்று 2020 அக்டோபருக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். அப்படியிருந்தும் 2021 மே வரை அது நெறிமுறையில் நீடித்தது. நாளை ஒரு மருத்துவமனையில் உங்கள் குடும்பத்தாரை இப்படிப்பட்ட ஆய்வில் சேர அழைத்தால் பயந்து மறுத்துவிட வேண்டாம். அந்த ஆய்வு இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்றிருக்கிறதா என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியும் மொழியில் எழுதிய ஒப்புதல் படிவத்தைப் படித்துக் கையெழுத்திடுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை உங்களுக்கு உண்டு. அங்கே தீங்கு நேர்கிறதா என்று கண்காணிக்க ஆட்கள் இருக்கிறார்கள். உறையில் போட்டுக் கொடுத்த மாத்திரைக்கு அப்படி யாரும் இல்லை; நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் அடுத்தவருக்கு உதவும்படி எங்கும் பதிவாவதும் இல்லை.

“என்ன தவறு” என்ற கேள்விக்கு இன்னும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலில் ஹைட்ராக்சிகுளோரோகுயினை ஆளுக்கொரு பெட்டி வாங்கி அடுக்கியபோது, அதை நாள்தோறும் சாப்பிட்டே தீரவேண்டிய லூபஸ் நோயாளிகள் கடை கடையாக அலைந்தார்கள். 2021 மே மாதம், கொரோனாவுக்குக் கொடுக்கப்பட்ட ரெம்டெசிவிர் ஊசிக்காகச் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் மக்கள் விடிய விடிய வரிசையில் நின்றார்கள். பிறகு சேலம் உள்ளிட்ட மற்ற ஊர்களின் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் விற்பனை தொடங்கியது. அந்த ஊசி இறப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அதற்கு ஏழு மாதம் முன்பே சொல்லியிருந்தது. பின்னால் வந்த முழு முடிவுகளில், வென்டிலேட்டர் தேவைப்படாதவர்களிடம் மட்டும் சிறிய பயன் தெரிந்தது. அந்தச் சிறிய பயனுக்காக நகையை அடகு வைத்துக் கள்ளச்சந்தையில் வாங்கிய குடும்பங்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. சென்னையில் 2020 மே மாதம், கொரோனாவுக்கு மருந்து என்று தாமே தயாரித்த ரசாயனக் கரைசலைக் குடித்து ஒரு மருந்தாளுநர் இறந்தார். மருந்துகளோடே வாழ்ந்தவருக்கு இது நேர்ந்தது என்பதைக் கணவரிடம் சொல்லுங்கள்.

நாட்டு மருந்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் மலையில் மூலிகை இல்லாத வீடு இல்லை என்பதால் ஒரு வார்த்தை சொல்கிறேன். கபசுரக் குடிநீரையோ மிளகுக் கஷாயத்தையோ இதமாக இருக்கிறது என்று ஓரிரு வேளை குடிப்பதை நான் தடுக்க மாட்டேன். எதைக் குடித்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதைக் குடிக்கிறோம் என்பதற்காக மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். சீந்தில் கொடியை மாதக்கணக்கில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். அதை மறுத்தவர்களும் உண்டு. மாமனாரைப் போன்றவர்கள் தவிர்ப்பதே நல்லது. குழந்தைகள் இருந்தால் சூடம் முடிந்த துணியை அவர்கள் மூக்கருகே வைக்காதீர்கள், சூடம் அவர்களுக்கு வலிப்பை வரவழைக்கக்கூடியது.

வீட்டில் வைத்திருக்க வேண்டியவை குறைவு. பாரசிட்டமால், உப்புசர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், வெப்பமானி, சர்க்கரை அளக்கும் கருவி, விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி, மாமனாரின் வழக்கமான மருந்துகள் ஒரு மாதத்துக்கு, அவருடைய மருந்துச் சீட்டின் நகல் ஆகியவை போதும். ஏற்காட்டுக் குளிரில் விரல் சில்லிட்டிருந்தால் மானி தவறாகக் குறைத்துக் காட்டும்; கையைத் தேய்த்துச் சூடாக்கி, மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலில் மாட்டி, எண் நிலைக்கும்வரை பொறுத்துப் பாருங்கள். மூச்சுக் காய்ச்சலின்போது 94க்குக் கீழே இறங்கினாலோ, நடந்தால் மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலியோ குழப்பமான பேச்சோ இருந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐ அழைத்துவிடுங்கள். மலைப்பாதை நேரத்தையும் கணக்கில் சேர்த்தே முடிவெடுங்கள். ஆண்டுதோறும் போட வேண்டிய இன்ஃபுளுவென்சா தடுப்பூசி பற்றி மாமனாரின் மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள். அவருக்காக முன்கூட்டியே செய்யக்கூடிய உருப்படியான காரியம் அதுதான்.

உங்கள் கணவர் தந்தையின் மேல் உள்ள பாசத்தாலும், ஒருவரை ஏற்கெனவே இழந்த பயத்தாலும்தான் இந்த மாத்திரைகளை வாங்கியிருக்கிறார். அதனால் அவரோடு வாதாட வேண்டாம். அந்த உறையையும், மாமனார் இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், கடைசியாக எடுத்த இசிஜியையும் ஒரே பையில் போட்டு, இருவரும் சேர்ந்து அவருடைய இதய மருத்துவரிடம் போங்கள்; எதை எதோடு சேர்க்கக் கூடாது என்பதை அவர் வாயாலேயே கணவர் கேட்கட்டும். 2021இல் அந்த மாத்திரைகளால் வீட்டில் யாருக்காவது படபடப்போ, மயக்கமோ, தோலில் தடிப்போ வந்திருந்தால் அதையும் அங்கே சொல்லுங்கள். இனி எந்த மருந்தினாலும் அப்படி நேர்ந்தால், நாட்டின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண்ணான 1800-180-3024இல் நீங்களே தெரிவிக்கலாம். மிஞ்சும் மாத்திரைகளை ஓடையிலோ தோட்டத்திலோ எறியாமல், அழிப்பதற்கென்று மருத்துவமனையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.